ஊட்டிக் குளிரில் ‘ஹார்ட் டைம்ஸ்’: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலுக்குச் சந்தையில் பஞ்சமில்லை. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான மலிவு மறுபதிப்பு, பெங்குவின் கிளாசிக்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ், நார்ட்டன் கிரிட்டிக்கல் எடிஷன், காசில்லாமல் இறக்கிக்கொள்ள குட்டன்பர்க் தளத்தின் 786ஆம் எண் கோப்பு. எல்லாவற்றிலும் ஒரே கதைதானே என்று கோவைக்கு இறங்கும் நாளில் கைக்குக் கிடைத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். பிறகு பாதியில் நாவல் புரியாமல் போனால் குறை நாவலுடையதா, வாங்கிய பிரதியுடையதா என்பது தெரிவதில்லை. பெரும்பாலும் குறை பிரதியில்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பிரதிதான் வாங்க முடியும் என்றால் நார்ட்டன். காசு இடித்தால் கேட் ஃபிளின்ட் பதிப்பித்த பெங்குவினோ, பால் ஷ்லிக் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டோ போதும். ஆனால் அவற்றோடு தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையில் ஐந்தாம் அத்தியாயத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எதையும் இன்ப துன்பக் கணக்குப் போட்டு, பயனை வைத்தே மதிக்க வேண்டும் என்ற பயன்வாதத்தின் (யூட்டிலிட்டேரியனிசம்) மீது தொடுத்த வழக்கில் இந்த நாவல் ஒரு தரப்பு வாதம். எதிர்த்தரப்பு யார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் படித்தால், தகவலை மட்டுமே நம்பிப் பள்ளி நடத்தும் கிராட்கிரைண்ட் வெறும் கேலிச்சித்திரமாகவே நின்றுவிடுவார்.

கடையில் நின்றபடியே ஒரு பிரதியைச் சோதிக்கலாம். பத்து நிமிடம் போதும்.

உள்ளடக்கப் பக்கத்தைத் திறங்கள். மூன்று பாகம், 37 அத்தியாயம் இருக்க வேண்டும்: விதைப்பு 16, அறுவடை 12, களஞ்சியத்தில் சேர்ப்பு 9. ‘தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று வளர்ந்த நமக்கு இந்தப் பாகத் தலைப்புகளுக்கு உரை வேண்டியதில்லை. டிக்கன்ஸ் இந்த நாவலைத் தன்னுடைய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் 1854 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரை 20 வாரம் தொடராக எழுதினார். அப்போது அத்தியாயங்களுக்கு எண் மட்டும்தான் இருந்தது. நூலாக்கும்போதுதான் பாகப் பிரிப்பையும் தலைப்புகளையும் சேர்த்தார். ‘தகவல்தான் வேண்டும்’ என்று கிராட்கிரைண்ட் முழங்கும் முதல் அத்தியாயத்துக்கு அவர் வைத்த பெயர் லூக்கா நற்செய்தியின் வாசகம்: ‘தேவையானது ஒன்றே’. இரண்டாம் அத்தியாயத்தின் பெயர் ஏரோது பச்சிளங்குழந்தைகளைக் கொன்றதை நினைவூட்டும். தாக்குதலில் பாதி தலைப்பிலேயே நடந்துவிடுகிறது. வெறும் 1, 2, 3 என்று எண் போட்ட மறுபதிப்பை அப்போதே கீழே வைத்துவிடலாம்.

அதே இடத்தில் பக்கக் கணக்கையும் பாருங்கள். நாவல் ஏறத்தாழ 1,00,000 சொற்கள். பக்கத்துக்கு 350 சொல் என்றால் கதை மட்டும் 300 பக்கத்தை ஒட்டி வரும். சாதாரண எழுத்தளவில் 180 பக்கத்தில் முடிந்துவிட்டால் அது சுருக்கம். அட்டையில் அப்படிப் போட்டிராவிட்டாலும் சுருக்கம்தான்.

அடுத்து முதல் பாகம் ஒன்பதாம் அத்தியாயம். சர்க்கஸ்காரர் மகள் சிஸ்ஸி ஜூப் பள்ளியில் தான் சொன்ன ‘தப்பான’ பதில்களைக் கிராட்கிரைண்டின் மகள் லூயிசாவிடம் அழாக்குறையாகச் சொல்கிறாள். ஒரு நகரத்தில் 10 லட்சம் பேர், அதில் ஆண்டுக்கு 25 பேர்தான் தெருவில் பட்டினியால் சாகிறார்கள், இந்த விகிதத்தைப் பற்றி உன் கருத்து என்ன என்று ஆசிரியர் கேட்கிறார். மற்றவர்கள் 10 லட்சமாக இருந்தாலும் அதைவிடப் பல மடங்காக இருந்தாலும் பட்டினி கிடந்தவர்களுக்கு அது அதே அளவு கொடுமைதானே என்கிறாள் சிஸ்ஸி. கணக்குப்படி 0.0025 விழுக்காடு. இன்னொரு கேள்வி: ஒரு லட்சம் பேர் நீண்ட கடற்பயணம் போனார்கள், 500 பேர் மூழ்கியோ எரிந்தோ செத்தார்கள், விழுக்காடு என்ன? அரை விழுக்காடு என்பது விடை. செத்தவர்களின் வீட்டாருக்கு விழுக்காடு ஒன்றுமேயில்லை என்பது அவள் பதில்.

சிஸ்ஸிக்குக் கணக்குத் தெரியாது, மனசு மட்டும் உண்டு என்று பல உரைகள் எழுதிவிடுகின்றன. இது தவறான வாசிப்பு. அவள் எதைக் கொண்டு வகுக்கிறீர்கள் என்று கேட்கிறாள். செத்தவனின் மனைவியை வைத்து வகுத்தால் நூற்றுக்கு நூறு. பயன்வாதத்தின் மூலவர் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் இன்ப துன்பத்தை அளக்க ஏழு அளவைகள் சொன்னார்: தீவிரம், நீடிப்பு, நிச்சயம், அண்மை, மேலும் இன்பத்தைப் பிறப்பிக்கும் வளம், துன்பம் கலவாத தூய்மை, எத்தனை பேருக்கு எட்டுகிறது என்ற பரப்பு. நாவலின் ஆலை நகரமான கோக்டவுனின் பள்ளி கடைசி அளவையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் தூக்கி எறிந்துவிட்டது. ஆக, சிஸ்ஸி பெந்தாமை மறுக்கவில்லை, தீவிரத்தை நினைவுபடுத்துகிறாள். இந்த ஏழு அளவைகளையும் அடிக்குறிப்பிலோ பின்னிணைப்பிலோ சொல்லும் பதிப்புதான் உங்களுக்கு உதவும்.

மூன்றாவது சோதனை கொஞ்சம் நுணுக்கமானது. நெசவாலைத் தொழிலாளி ஸ்டீஃபன் பிளாக்பூல் சங்கத்தில் சேர மறுக்கிறான். ஏன் என்று கேட்டால் ‘ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். யாருக்கு, எதற்காக என்று நாவல் விளக்குவதே இல்லை. வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். டிக்கன்ஸ் சங்கத்துக்கு எதிரி, அதனால் காரணமே இல்லாமல் ஒருவனைத் தியாகி ஆக்குகிறார் என்று விடைத்தாளில் எழுதுவார்கள். உண்மையில் காரணம் மெய்ப்புத் தாளில் இருந்தது. முதல் பாகம் பதின்மூன்றாம் அத்தியாயத்தில், ஸ்டீஃபன் நேசிக்கும் ரேச்சலின் தங்கை, சிறு பெண், எந்திரத்தில் சிக்கிக் கை பிய்ந்துபோனதைப் பற்றிய பேச்சும், அதைத் தொடர்ந்த வாக்குறுதியும் வருகின்றன. அச்சுக்குப் போகுமுன் டிக்கன்ஸ் அதை வெட்டிவிட்டார். வெட்டிய பிறகு வாக்கு நிற்கிறது, காரணம் காணாமல் போய்விட்டது. நார்ட்டன் பதிப்பு இந்தப் பகுதியைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. ஜார்ஜ் ஃபோர்டும் சில்வேர் மொனோவும் 1966இல் செய்த உழைப்பு அது. பிறகு வந்த பதிப்பை ஃபிரெட் கப்லன் கவனித்துக்கொண்டார். இந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை தகும்.

அதே நார்ட்டனில் டிக்கன்ஸ் தனக்குத்தானே எழுதிவைத்த திட்டக் குறிப்புகளும் உண்டு. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கனவான் வந்து, சுவரில் குதிரைப் படம் ஒட்டலாமா, தரைவிரிப்பில் பூப் போடலாமா என்று குழந்தைகளை மிரட்டுவார். குதிரை சுவரில் நடக்குமா, பூவின் மேல் நடப்பீர்களா என்பது அவர் தர்க்கம். திட்டக் குறிப்பில் ‘கோல்’ என்று பெயரே இருக்கிறது. லண்டன் மார்ல்பரோ ஹவுஸில் அரசாங்க ஓவியக் கல்வியை நடத்திய ஹென்றி கோல்தான் அவர். வடிவமைப்புக் கல்விக்கு உண்மையாகவே பாடுபட்டவர் என்பதையும் நல்ல பதிப்பு சொல்லும். டிக்கன்ஸ் சொல்ல மாட்டார்.

நான்காவதாக, மூன்றாம் பாகம் எட்டாம் அத்தியாயம். திருட்டுப் பழியோடு ஓடும் மகனைக் காப்பாற்றத் துடிக்கிறார் கிராட்கிரைண்ட். பிடிக்க வந்திருப்பவன் அவருடைய பழைய மாணவன் பிட்ஸர். முதல் நாள் வகுப்பில் குதிரையை ‘நாலு கால், புல் தின்னி, 40 பல், அதில் 24 கடைவாய்ப்பல்’ என்று ஒப்பித்தவன். உனக்கு இதயம் இருக்கிறதா என்று கேட்கிறார் கிழவர். இதயம் இல்லாமல் ரத்த ஓட்டம் நடக்காது ஐயா என்று, ரத்த ஓட்டத்தை விளக்கிய மருத்துவர் ஹார்வியைச் சாட்சிக்கு இழுக்கிறான் அவன். இந்த அத்தியாயத்தில் சர்க்கஸ் முதலாளி ஸ்லியரி பேசும் வரிகளைக் கூர்ந்து பாருங்கள். அவருக்கு ‘ஸ்’ வராது, ‘த்’ ஆகிவிடும். ‘ஸ்குவயர்’ என்பதை ‘த்குவயர்’ என்பார். பழைய நூலை ஸ்கேன் செய்து, பிழைதிருத்தும் மென்பொருளில் ஓட்டி அடித்த மறுபதிப்புகளில் இந்தப் பேச்சு பாதி திருத்தப்பட்டும் பாதி சிதைந்தும் கிடக்கும். ஸ்டீஃபனின் லங்காஷயர் வழக்குக்கும் இதே கதிதான். நாவலில் சரியாகச் சிந்திக்கிற இரண்டு பேரின் வாயும் ‘சரியான’ ஆங்கிலம் பேசாத வாய். அந்த எழுத்துகளைத் திருத்தினால் கிராட்கிரைண்ட் பக்கம் சேர்ந்துவிட்டதாகத்தான் பொருள்.

தமிழில் யோசித்துக்கொண்டே படிப்பவர்களுக்கு மூன்று சொற்கள் வழுக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபேக்ட்’ என்று வருவதை ‘உண்மை’ என்று எடுத்துக்கொண்டால் டிக்கன்ஸ் உண்மைக்கு எதிரி ஆகிவிடுவார். ‘தகவல்’ என்று கொள்ளுங்கள், கச்சிதமாகப் பொருந்தும். இரண்டாவது, ‘யூட்டிலிட்டி’யைப் ‘பயன்’ என்கிறோம். வள்ளுவரே ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரம் வைத்திருப்பதால் பயன் என்றாலே நமக்கு நல்ல சொல். அந்த நல்லெண்ணத்தோடு நாவலுக்குள் போனால் கோபம் எதன் மீது என்று விளங்காது. வள்ளுவர் கேட்பது சொல்லின் பயனை. கோக்டவுன் கேட்பது மனிதனின் பயனை. அதனால்தான் அங்கே தொழிலாளிகளுக்குப் பெயரே ‘கைகள்’. தேயிலைத் தோட்டத்தில் ‘இன்னைக்கு எத்தனை ஆள்?’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல்லின் கனம் உடனே எட்டும்.

மூன்றாவது, ‘பகுத்தறிவு’. தமிழ்நாட்டில் அந்தச் சொல் சாதியையும் மூடப்பழக்கத்தையும் கேள்வி கேட்ட சொல். கீழே தள்ளப்பட்டவன் கையில் இருந்த கருவி. கிராட்கிரைண்டின் பகுத்தறிவு மேலே இருப்பவன் கையில் உள்ள அளவுகோல். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, டிக்கன்ஸ் பகுத்தறிவுக்கு விரோதி என்று நம் மேடைகளில் பேசுவது அவருக்கும் அநியாயம், நம் மரபுக்கும் அநியாயம்.

மில்லின் சுயசரிதை ஏன் கட்டாயம் என்பதற்கு வருகிறேன். ஜேம்ஸ் மில் தன் மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தொடங்கினார். 1826இல், இருபது வயதில், மகன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: நான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? உள்ளிருந்து ‘இல்லை’ என்று பதில் வந்தது. மாதக்கணக்கில் இருண்டு கிடந்தார். 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தது அவரைத் தூக்கி நிறுத்தியது. இதைப் படித்துவிட்டு முதல் பாகம் பதினைந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். இருபது வயது லூயிசாவுக்கு ஐம்பது வயது ஆலை முதலாளி பௌண்டர்பியை மணம் பேசும் தகப்பன், வயது வித்தியாசத் திருமணங்களின் புள்ளிவிவரத்தை எடுத்து வைக்கிறார். அவள் சன்னல் வழியாகப் புகைபோக்கிகளைப் பார்க்கிறாள். இப்போது சோம்பலான புகை மட்டும்தான் தெரிகிறது, இரவு வந்தால் நெருப்பு வெடித்துக் கிளம்புகிறது அப்பா என்கிறாள். அவருக்குப் புரியவில்லை.

மில்லின் சுயசரிதை வெளிவந்தது 1873இல். டிக்கன்ஸ் 1870இலேயே போய்விட்டார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. இரண்டு சாட்சிகளும் தனித்தனியே ஒரே காயத்தைக் காட்டுகிறார்கள். மருந்தில்தான் வேறுபாடு. மில் கணக்கை விடவில்லை. இன்பங்களில் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது உண்டு என்று கணக்கையே விரித்தார். 1838இல் பெந்தாமைப் பற்றி எழுதிய கட்டுரையில், அவருக்குப் பிறர் மனத்துக்குள் புகும் கற்பனை இல்லை என்று டிக்கன்ஸுக்கு 16 ஆண்டு முன்பே எழுதிவிட்டார். என் தீர்ப்பு இதுதான்: நாவல் கிராட்கிரைண்டை வெல்கிறது, மில்லை வெல்லவில்லை, வெல்ல முயலவும் இல்லை. புள்ளிவிவரம் செய்த நன்மையையும் அது காட்டுவதில்லை. பெந்தாமின் செயலாளராக இருந்த எட்வின் சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கை இல்லாமல் 1848 பொதுச் சுகாதாரச் சட்டம் வந்திருக்காது. வெறும் கதையை மட்டும் அச்சடித்த பிரதியில் இந்த மறுபக்கம் கிடைக்கவே கிடைக்காது.

இந்த வழக்கு சீமையில் நடந்தது, நமக்கென்ன என்று இங்கே உள்ளவர்கள் நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் மில், ஜான் மில் இருவருக்கும் சம்பளம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. மகன் 1823 முதல் 1858 வரை அங்கே வேலை பார்த்தார். 1834இல் சென்னையில் இறங்கிய மெக்காலே பல்லக்கில் ஊட்டிக்கு ஏறி வந்து கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்தார். மலையில் ‘கிளாரிஸா’ நாவலைச் சுற்றுக்கு விட்டதையும் துரைமாரும் துரைசானிகளும் அடுத்த பாகத்துக்குக் காத்துக் கிடந்ததையும் அவர் சொல்ல, நாவலாசிரியர் தாக்கரே எழுதிவைத்திருக்கிறார். அந்த மெக்காலே தலைமையில் பெந்தாமின் சட்டச் சிந்தனைத் தடத்தில் 1837இல் வரைவாகி, 1860இல் சட்டமானதுதான் இந்திய தண்டனைச் சட்டம். 2024 வரை அது நடைமுறையில் இருந்தது. அதன் தனிச்சிறப்பு பிரிவுகளுக்கு அடியில் வந்த எடுத்துக்காட்டுகள், இரண்டு வரிக் குட்டிக் கதைகள். 299ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு: ஒருவன் கொல்லும் எண்ணத்தோடு ஒரு குழியின் மேல் குச்சிகளையும் புல்பத்தையையும் பரப்பி வைக்கிறான். கெட்டியான தரை என்று நம்பி இன்னொருவன் கால் வைத்து விழுந்து சாகிறான். பரப்பியவன் குற்றவாளி.

இப்போது ‘ஹார்ட் டைம்ஸ்’ மூன்றாம் பாகம் ஆறாம் அத்தியாயம். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் வாய் புல் மூடிக் கிடக்கிறது. ஊருக்குத் திரும்பி நடக்கும் ஸ்டீஃபன் தரை என்று நம்பிக் கால் வைத்து விழுகிறான். வேலை நடந்தபோதும் தேவையில்லாமல் கொன்றது, சும்மா விட்ட பிறகும் தேவையில்லாமல் கொல்கிறது என்று சொல்லிவிட்டுச் சாகிறான். குழி ஒன்று, புல் ஒன்று, சாவும் ஒன்று. ஆனால் சட்டத்தின் கதையில் குச்சி பரப்பிய ‘ஒருவன்’ இருக்கிறான். நாவலில் அந்த ஒருவனைக் காணோம். சட்டம் தேடும் எண்ணம் யார் மனதிலும் இல்லை. முதலாளி, அரசு, பள்ளி எல்லோரும் சேர்ந்து பரப்பிய புல் அது. பகுத்துப் பகுத்துப் பார்க்கும் சட்ட அறிவுக்கு நாவல் என்ன சேர்க்க முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு குழிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

இனிப் புத்தகத்தின் உடம்பு. மலையில் இது சிறு விஷயம் இல்லை. மலிவு மறுபதிப்புகளின் முதுகில் இருப்பது சூட்டில் உருக்கி ஊற்றிய பசை. குளிரில் அது விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அகலத் திறந்தால் ‘படக்’ என்று பிளந்து நடுத்தாள்கள் கையோடு வந்துவிடும். திறக்கும் முன் அறைச் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்துத் தாளாகப் பிரித்து மெல்ல அழுத்தி நடுவுக்கு வாருங்கள். நூல் தைத்த பிரதி கிடைத்தால், பழசானாலும் அதுவே மேல். முதுகின் மேல் விளிம்பைப் பாருங்கள்: தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் தைத்தது, வெட்டிய தாளாக நேராகத் தெரிந்தால் ஒட்டியது.

ஓதம் ஏறும் காலம் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி வேண்டும். கண்ணாடிக் கதவு போட்டு இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். அந்துருண்டை ராமபாணப் பூச்சியை ஓரளவு விரட்டும், பூசணத்தைத் தடுக்காது. நனைந்த பிரதியைக் கணப்பு அடுப்பின் முன் வைத்தால் தாள் அலையலையாக நெளிந்து அட்டை வளையும். நிமிர்த்தி நிறுத்தி, தாள்களை விசிறிபோலப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலரவிட வேண்டும்.

மில்லின் ‘ஆன் லிபர்ட்டி’ வெளிவந்த அதே 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் ஊட்டியில் நமக்கு இருக்கிறது. விலை கொடுத்து வாங்குமுன் நூலகத்தில் பதிப்புகளை அருகருகே வைத்து மேற்சொன்ன அத்தியாயங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல வழி.

‘ஹார்ட் டைம்ஸ்’ முடித்த கையோடு எலிசபெத் கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’. அதே இதழில் 1854 செப்டம்பரில் தொடங்கிய தொடர் அது. ஆலை முதலாளியும் வேலைநிறுத்தத் தலைவனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் காட்சி டிக்கன்ஸிடம் இல்லாத ஒன்று. ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ வேறு வகை: நாவல் அல்ல, பொருளாதாரக் கட்டுரைகள். காந்தி அதை 1908இல் ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்ததால் நமக்குத் தெரியும்; ‘ஹார்ட் டைம்ஸ்’ பல விதத்தில் டிக்கன்ஸின் தலைசிறந்த நாவல் என்று ரஸ்கின் அடிக்குறிப்பு எழுதியது அந்த நூலில்தான். பெந்தாம் தொடங்கிவைத்த ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’ இதழைத் திரைமறைவில் பதிப்பித்த ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ இவற்றுக்கெல்லாம் பெரியது. அதற்கு ஒரு முழு மழைக்காலம் ஒதுக்குங்கள், அதையும் தைத்த பிரதியாகவே வாங்குங்கள். 800 பக்கத்தை ஒட்டிய முதுகு தாங்காது.